பதினேழாம் தொட்டி

அவளுக்கு அடிக்கோடு என்று பெயர் வைத்தது நான்தான். வந்து இறங்கிய மூன்றாம் நாள், யார் என்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். தலைப்பு கறுப்பு மையில். அதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. இடது பக்கம் மார்ஜின், கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கட்டம். பாத்திரம் கழுவியதற்கு யார் வந்து கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும், பழக்கம்," என்றாள். அன்றிலிருந்து அடிக்கோடுதான். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரே பல்கலைக்கழகம், ஒரே வீட்டின் மேல்மாடி, எங்கள் இருவர் அறைக்கும் நடுவே தட்டினால் அதிரும் ஒரு பலகைச் சுவர். நான் கட்டடக்கலை படிக்க அவளுக்கு ஒரு வருடம் முன்னால் வந்தவள். அந்த ஒரு வருடத்தில் எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அவள் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். அதுவும் தொட்டாச்சிணுங்கி. இதற்கா விமானம் ஏறி வந்தாய், எந்தக் குட்டிச்சுவர் ஓரத்திலும் கிடைக்குமே என்று சிரித்தேன். இங்கே அதைக் கண்ணாடி வீட்டில் வைத்து, சூடு போட்டு, கைக்குழந்தை மாதிரி வளர்க்கிறார்கள் என்று அவள் வியப்போடு சொன்னாள்.

வந்த புதிதில் அவள் பாதித் தூக்கத்தில் நடப்பவள் போலத்தான் இருந்தாள். கைக்கடிகாரத்தை வீட்டு நேரத்திலிருந்து மாற்றவே இல்லை. இங்கே காலைப் பனியில் தெருமுனை கரைந்து கிடக்கும். அவள் மணிக்கட்டில் மதியம் தாண்டியிருக்கும். இப்போது அம்மா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். அவள் அம்மா ஒரு தையல் கடையில் ரவிக்கை தைப்பவர். அப்பா இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. பனிக்குள் எங்களுக்கு முன்னால் போகிறவர்கள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிவார்கள். பேருந்து சத்தமில்லாமல் வந்து நிற்கும். "நாம நெஜமாவே இங்க இருக்கோமா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. சீக்கிரம் நட என்றேன்.

முதல் வகுப்பில் பேராசிரியை உள்ளே வந்ததும் இவள் மட்டும் எழுந்து நின்றிருக்கிறாள். பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்க்க, பேராசிரியை தன் பின்னால் யாரோ வருகிறார்களோ என்று கதவைப் பார்த்தாராம். அதைவிடப் பெரிய தொல்லை அவரைக் கூப்பிடுவது. இங்கே எல்லோரும் ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மா வயதுக்காரரைப் பெயர் சொல்ல இவளுக்கு நாக்கு எழவில்லை. மேடம் என்றால் மற்றவர்கள் சிரித்தார்கள். அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஏதாவது கேட்க வேண்டுமானால் பேராசிரியையின் கண்ணில் படுகிற மாதிரி ஓர் இடத்தில் போய் நிற்பாள். அவர் பார்க்கும்வரை நிற்பாள். முதல் பருவத்தின் மூன்று மாதமும் இப்படியே ஓடியது.

அவள் உயிரோடு இருந்த இடம் கண்ணாடி வீடுதான். ஒரே ஒரு முறை என்னை உள்ளே அழைத்துப்போனாள். வெளியே விறைக்கும் குளிர். கதவைத் தள்ளியதும் வெதுவெதுவென்று ஈரக்காற்று முகத்தில் படிந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து, வெளிச்சம் தண்ணீர்ப் பால் நிறத்தில் உள்ளே இறங்கியது. எங்கேயோ சொட்டுச் சத்தம். நீளமான மேசையில் இருபத்து நான்கு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய எண், எண்ணுக்குக் கீழே அடிக்கோடு. மெல்லிய தூரிகையால் ஓர் இலையைத் தொட்டாள். இலை வரிசை வரிசையாக மூடிக்கொண்டது. "இப்ப பேசாம இரு," என்று கிசுகிசுத்தாள். நாங்கள் இருவரும் அது திறக்கக் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நேரம் நடக்கவில்லை, மிதந்தது. எனக்கே கண் சொக்கியது.

அவளுடைய ஆராய்ச்சி இவ்வளவுதான்: தினமும் தொட்டால் செடி பழகிக்கொள்கிறதா? பழகப் பழக இலை சீக்கிரம் திறக்கிறதா? தொட்ட நொடியிலிருந்து முழுதாகத் திறக்கும்வரை எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று ஒவ்வொரு தொட்டிக்கும் குறிக்க வேண்டும். அவள் படித்த கல்லூரியில் ஆய்வுக்கூடத்துக்கு ஜோடி உண்டு. ஒருத்தி அளந்து சொல்ல, ஒருத்தி எழுதுவாள். இங்கே இவள் தனி. ஒரு கையில் தூரிகை, மறு கையில் நிறுத்து கடிகாரம். அதனால் செல்பேசியை மேசையில் சாய்த்து வைத்து, அம்மாவுக்குக் குரல் செய்தியாக எண்களைச் சொல்லிக்கொண்டே போவாள். ஒரு வரிசை முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டுப் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொள்வாள். செய்தி தானாக அம்மாவுக்குப் போய்விடும். அங்கே சாயங்காலம் அந்த அம்மா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மகள் சொல்லும் நிமிடங்களையும் வினாடிகளையும் பாட்டுப் போலக் கேட்டபடி தைப்பாராம்.

அம்மாவும் பதில் அனுப்புவார். நீளமாக அனுப்புவார். அதை மட்டும் இவள் கேட்க மாட்டாள். கேட்டால் கண்ணாடி வீட்டில் எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன் என்பாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பாள். கேட்காத செய்திகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் ஒருநாள் செல்பேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. புதிது வாங்கினாள், பழைய செய்தி ஒன்றும் திரும்பி வரவில்லை. அதற்கும் அவள் அழவில்லை. எனக்கு அது அப்போதே சரியாகப் படவில்லை, ஆனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் பருவம் முடியும்போது மூன்று பேர் கொண்ட குழு ஒன்று மாணவர்களின் வேலையைப் பார்க்கும். சரி என்றால் தொடரலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அடிக்கோடு தன் வாழ்நாளில் கற்ற வித்தையெல்லாம் காட்டினாள். எங்கள் பக்கத்தில் அறிவியல் படித்த யாருக்கும் தெரியும், நோட்டு இரண்டு. சோதனை செய்யும்போது எழுதுவது ரஃப் நோட்டு. அதைப் பார்த்து அழகாக எழுதி, படம் வரைந்து, கையெழுத்து வாங்குவது ரெக்கார்ட் நோட்டு. மதிப்பெண் ரெக்கார்டுக்கு. ரஃப் நோட்டு பழைய பேப்பர்க்காரருக்கு. அவள் நான்கு நாள் அறையை விட்டு வெளியே வராமல், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டில் மூன்று மாத அளவுகளையும் முத்து முத்தாக எழுதினாள். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. என்னிடம் காட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு, ஈரக்கறையும் மண்ணும் படிந்த பென்சில் நோட்டைக் கிழித்துத் தெருமுனைத் தாள் தொட்டியில் போட்டாள். மறுநாள் காலை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

பேராசிரியை அந்த அழகான நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, மூல நோட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார். இதுதான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இல்லை, கண்ணாடி வீட்டில் கையில் வைத்திருந்தாயே, அது. அதைப் போட்டுவிட்டேன் என்று இவள் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். சுத்தமாக இருப்பதற்குப் பாராட்டு வரும் என்று எதிர்பார்த்த சிரிப்பு. பேராசிரியையின் முகம் மாறியது. அளந்த கையோடு எழுதிய தாள் இல்லையென்றால் அளந்ததாகவே கணக்கில்லை என்பது இங்கே விதி. பிறகு எழுதியதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா? மூன்று மாத வேலை இல்லாத வேலையாகிவிட்டது. காட்ட வேலை இல்லாமல் குழு முன்னால் போகவும் முடியாது.

அன்று மத்தியானம் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள், பேராசிரியைக்காக நிற்பாளே அதே மாதிரி. பேயறைந்த முகம். நடந்ததைச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இது தெரியாதா, யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். கத்தி முடித்தபோதுதான், அவள் என்னிடம் காட்டியபோது நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் முன்னால் வந்தவள் என்ற என் பெருமை அத்தோடு போயிற்று.

வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. சட்டென்று தலையைத் தூக்கி, "அம்மாகிட்ட இருக்கு," என்றாள். அளந்த நேரம், அளந்த தேதி, அளந்தவள் குரல் எல்லாம் அந்த அம்மாவின் செல்பேசியில் இருந்தன. அம்மாவைக் கூப்பிட்டு, எதையும் அழித்துவிட்டாயா என்று கேட்டாள். இடம் இல்லை இடம் இல்லை என்று அது தினமும் கத்திக்கொண்டிருக்கிறது, அதனால் அண்ணன் மகள் கல்யாண வீடியோவை அழித்துவிட்டேன், உன் குரலில் ஒன்றையும் தொடவில்லை என்றார் அம்மா. அங்கிருந்து வேறு செல்பேசிக்கு மாற்றி அனுப்பினால் பழைய தேதி போய்விடுமோ என்று எங்களுக்குப் பயம். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா முடிவு செய்துவிட்டார். போனையே அனுப்பிவிடுகிறேன், எனக்கு எதற்கு, அதில் பேசுகிற ஆள் நீ ஒருத்திதானே என்றார்.

ஆறாம் நாள் கூரியர் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் ரவிக்கைத் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள், மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாக. அதன் நடுவே கீறல் விழுந்த செல்பேசி. பொத்தான் இடுக்கில் ஒரு நூல் சிக்கியிருந்தது. அவள் அந்த நூலை எடுக்கவில்லை.

பேராசிரியை கேட்பதற்கு ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. தனக்கு இந்த மொழி தெரியாது. அவள் சொல்வதைச் சரிபார்க்க மொழி தெரிந்த இன்னொருவர் உடன் இருக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேராசிரியையின் அறையில் உட்கார்ந்தோம். மூன்று நாற்காலி, ஒரு மேசை, மேசையில் ரெக்கார்ட் நோட்டு, பக்கத்தில் ரவிக்கைத் துணி மேல் செல்பேசி. ஜன்னலுக்கு வெளியே பனி.

அழுத்தியதும் அவள் குரல் வந்தது. "அம்மா, ஒண்ணாம் தொட்டி. பதினாலு நிமிஷம், முப்பது செகண்ட்." அவள் அதைப் பேராசிரியைக்குச் சொல்வாள்; நான் தலையசைப்பேன்; பேராசிரியை நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். இரண்டாம் தொட்டி. மூன்றாம் தொட்டி. நடுநடுவே சொட்டுச் சத்தம். எங்கேயோ ஒரு கதவு. அம்மாவின் பதில்கள் வந்தபோது, அவள் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். கேட்கக் கேட்க அந்த அறை கண்ணாடி வீடாக மாறிவிட்டது. மூன்று மாதம் எங்கள் முன்னால் மெதுவாக மறுபடி நடந்தது. முதல் வாரத்துக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. போகப் போகக் கொஞ்சம் மேலே வந்தது. பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் அவருக்கு எங்கள் எண்கள் பழகிவிட்டன. நாங்கள் சொல்வதற்கு முன்பே உதடு அசைத்து, பதினாலு, பதினஞ்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லாப் புள்ளியும் விழுந்துகொண்டே வந்தது. பிழைத்தோம் என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

ஏழாவது வாரம். "பதினாறாம் தொட்டி. பதினோரு நிமிஷம், அஞ்சு செகண்ட்." புள்ளி. பிறகு சொட்டுச் சத்தம் மட்டும்.

"பதினேழு இன்னிக்குத் தெறக்கலம்மா. ஒரு மணி நேரம் பாத்துட்டேன். இது ஒண்ணால எல்லாம் கோணலாத் தெரியுது. ரெக்கார்ட்ல எழுதும்போது பக்கத்துத் தொட்டி கணக்கையே போட்டுடலாம்னு பாக்கறேன். ஒண்ணே ஒண்ணுதானே."

ரெக்கார்ட் நோட்டில் பதினேழுக்கு எதிரேயும் பதினோரு நிமிடம் ஐந்து வினாடி என்று முத்து போல எழுதியிருந்தது.

பேராசிரியை பென்சிலோடு காத்திருந்தார். அவருக்குப் பதினேழு என்பது மட்டும் புரிந்திருக்கும். அதற்குப் பிறகு வந்தது அவருக்கு வெறும் சத்தம். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். எங்கள் கல்லூரிகளில் இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. விடை வர வேண்டும். வராவிட்டால் வரவைக்க வேண்டும். நானும் அப்படித்தான் தேறினேன். பதினோரு நிமிடம் ஐந்து வினாடி என்று அவள் சொன்னால் போதும், தலையசைக்க நான் தயாராக இருந்தேன். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான், அவள் இங்கேயே இருப்பாள். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்க்கட்டும் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றாள், முதல் நாள் வகுப்பில் நின்றது போல. மூன்று மாதத்தில் முதல் முறையாகப் பேராசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு சொன்னாள்: அது திறக்கவில்லை, நோட்டில் இருப்பது நான் போட்ட எண், இதிலிருந்து நான்கு நாள், நான்கும் பதினேழாம் தொட்டி. தேதிகளை நோட்டைப் பார்க்காமலே சொன்னாள்.

பேராசிரியை பென்சிலைக் கீழே வைத்தார். வேறு எங்காவது இப்படிச் செய்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்தார். மீதியையும் கேட்டால்தான் தெரியும் என்று நான் உண்மையைச் சொன்னேன். பிறகு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி: அந்தத் தொட்டி மேசையில் எங்கே இருக்கிறது? கதவுப் பக்கம், ஓரத்தில் என்றாள். அந்தக் கதவு சரியாக மூடுவதில்லை, குளிர்காற்று வரும் என்றார் பேராசிரியை, தனக்குத்தானே பேசுவது போல. அப்படியென்றால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும் என்றார். குழுவிடம் இதை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் செல்பேசியை யாரும் நிறுத்தவில்லை. அது தானாக அடுத்த செய்திக்குப் போனது. தையல் மிஷின் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு அவள் அம்மாவின் குரல்.

"கண்ணு, கேட்டேன். மிஷின நிறுத்திட்டுத்தான் பேசறேன். அந்தப் பதினேழு பாவம், ஏன் அப்படி மூடிக்கிட்டே இருக்கு? நீயும் போனதுலேருந்து அப்படித்தான் இருக்க. நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு மத்தவங்க சொல்ற பதிலையே எங்கிட்டயும் சொல்ற. எனக்குத் தெரியாதா? அதுமேல பக்கத்துத் தொட்டி கணக்கப் போடாத. தெறக்கலன்னா தெறக்கலன்னு எழுது. அதுக்கு எப்ப தோணுதோ அப்ப தெறக்கட்டும்."

ஆறு வாரமாக இது அந்தச் செல்பேசியில் இருந்திருக்கிறது. அடிக்கோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைத் துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதத்து அழுகை. பேராசிரியை என்னிடம் திரும்பி, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நான் சாட்சி, சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். ரெக்கார்ட் நோட்டை அவள் பக்கம் தள்ளி, பென்சிலை அல்ல, பேனாவைக் கொடுத்தார்.

மீதி வாரங்களையும் கேட்டு முடித்தோம்; அந்த நான்கைத் தவிர வேறெதுவும் தவறவில்லை. குழு அவளைத் தொடரவிட்டது, கோப்பில் ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு. அந்த வரிசையை அவள் குளிர்காலம் முழுவதும் மறுபடி அளந்தாள். அம்மாவின் செல்பேசியைத் திருப்பி அனுப்பும் முன் எல்லாப் பதிலையும் என் அறையில் உட்கார்ந்து கேட்டாள், நான் இருக்கும்போதே அழுதாள். கைக்கடிகாரம் மட்டும் இன்னும் வீட்டு நேரத்தில்தான் ஓடுகிறது. நானும் மாற்றச் சொல்வதில்லை.

அந்த நோட்டை நான் பிறகு ஒருமுறை பார்த்தேன். நான்கு இடத்தில் எண்ணைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் இரண்டு கையெழுத்தும். ஸ்கேல் வைக்காத கோடு. அதற்கு மேலே, அவளுடைய முத்துக் கையெழுத்தில் இல்லாமல் கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தது: திறக்கவில்லை.